கீழூரில் எதிர்த்து வாக்களித்த ஐயாவுக்கு

அன்புள்ள ஐயா,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வழியில்லை. பள்ளியில் எனக்கு நீங்கள் ஒரு எண்ணாகத்தான் அறிமுகமானீர்கள். '1954 அக்டோபர் 18, கீழூர் வாக்கெடுப்பு: வாக்களித்தவர்கள் 178, இந்தியாவோடு இணைய ஆதரவு 170, எதிர்ப்பு 8.' ஒரு மதிப்பெண் கேள்வி. அந்த எட்டுப் பேரில் நீங்கள் ஒருவர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நம் புதுச்சேரி விடுதலையானதைப் பற்றி எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டாகிவிட்டது. 170 பேரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு என்னவோ உங்களிடம்தான் பேச வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சண்டை போட எழுதவில்லை. அன்று அங்கே இருந்திருந்தால் நான் இணைப்புக்குத்தான் வாக்களித்திருப்பேன். ஆனால் ஒரு ஊரின் தலையெழுத்தை 178 பேர் ஒரே நாளில் எழுதி முடித்ததை நினைத்தால் இன்றும் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கிறது.

அந்த 178 பேரும் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்கள், நகரசபை உறுப்பினர்கள். மில் தொழிலாளியும் பாகூர் விவசாயியும் காரைக்கால் மீனவரும் அன்று எந்த வாக்குச்சீட்டையும் தொடவில்லை. பிரான்சின் 1946 அரசியலமைப்பில் 27ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு: சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது. அந்த 'மக்களின் சம்மதம்' என்ற கட்டத்தை நிரப்பத்தான் உங்களைக் கீழூருக்கு வரவழைத்தார்கள்.

வங்காளத்தில் இருந்த இன்னொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் இப்படி நடக்கவில்லை. 1949 ஜூன் 19 அன்று அங்கே மக்களே வரிசையில் நின்று வாக்களித்தார்கள். இந்தியாவுக்கு 7,473, பிரான்சுக்கு 114. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்று சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பேன். பதில் அவ்வளவு பெருமையானது இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. 1948 அக்டோபரில் நகரசபைத் தேர்தல் எப்படி நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வாக்காளர் பட்டியலில் கோளாறு, தெருவில் தடியோடு ஆட்கள். 1951இல் நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து பார்த்துவிட்டு, பயமில்லாமல் வாக்களிக்கும் நிலை இங்கே இல்லை என்ற பொருளில்தான் எழுதிவிட்டுப் போனார்கள். அந்த நிலையில் பொது வாக்கெடுப்பு வைத்திருந்தால், யாரிடம் தடி அதிகமோ அவர்கள் பக்கம் முடிவு போயிருக்கும். சரி, அந்த வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஐயா, அதே தேர்தல் அரசியலில் வென்று வந்தவர்கள்தானே கீழூரில் கூடியவர்களில் பெரும்பாலோர்? குளம் கலங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதிலேயே குடத்தில் மொண்டு வந்து கொடுத்த மாதிரிதான் இது.

எதுவார் குபேர் விஷயத்துக்கு வருகிறேன். 1951இல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் போனவர், பிரெஞ்சுக் கொடியின் தூணாக இருந்தவர், 1954 மார்ச்சில் ஒரே மாதத்தில் இந்தியப் பக்கம் வந்து நின்றார். மார்ச் 18 அன்று முதலியார்பேட்டையும் மற்றக் கொம்யூன்களும் (நகரசபைப் பகுதிகளும்) இணைப்புத் தீர்மானம் போட ஆரம்பித்தன. மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசே அறிவித்துவிட்டார்கள். கட்சி மாறுவது நம் ஊர்க் காற்றிலேயே இருக்கிறது என்று இன்றும் சலித்துக்கொள்கிறோமே, அதற்குப் பழைய சான்று இது. இன்றைக்குக் கடற்கரைச் சாலை அவர் பெயரில், பெரிய மார்க்கெட் அவர் பெயரில்.

ஆனால் இந்தக் கதை அவரிடம் தொடங்கவில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. வேலை நேரத்தைக் குறை, சங்கம் வைத்துக்கொள்ள விடு, இவ்வளவுதான். அவர்களுக்காகத் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பாரிஸ் வரை போய் வாதாடினார், 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. சம்பளத்துக்கும் வேலை நேரத்துக்கும் நடந்த அந்தச் சண்டைதான் மெல்ல மெல்லக் கொடியைப் பற்றிய சண்டையாக வளர்ந்தது. 18 வருஷம் அடிபட்டு வந்தவர்கள் ஒரு பக்கம், ஏழு மாதம் முன்னால் திரும்பியவர்கள் ஒரு பக்கம். இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே எண்: 170.

அதனால்தான் உங்கள் எண்ணுக்குள் என்ன இருந்தது என்று யோசிக்கிறேன். உங்கள் பிள்ளை சைகோனில் பிரெஞ்சுப் படையில் இருந்தானா? அந்த வருஷம் மே 7 அன்று வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் கோட்டையான தியன் பியன் பூ விழுந்தது. இந்தோசீனாவே கையை விட்டுப் போகும்போது இந்தியக் கடலோரத்தில் நாலு துண்டு நிலத்தை எதற்குப் பிடித்து வைப்பது என்று பாரிஸ் கணக்குப் போட்டுவிட்டது. பிள்ளையின் பென்ஷனுக்கு யார் பொறுப்பு என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கலாம், அதில் தப்பில்லை. ஒருவேளை நீங்கள் சேரிப் பக்கத்திலிருந்து வந்தவரா? 1881 ஆணையின்படி சொந்த வழக்கச் சட்டங்களைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போய், புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர்களின் பேரனா? சாதியைத் தாண்ட உங்கள் தாத்தாவுக்குக் கிடைத்த ஒரே கதவு அந்தச் சட்டமாக இருந்திருந்தால், அதை மூடுகிற இடத்தில் நீங்கள் கை தூக்காததை நான் எப்படிக் குறை சொல்வேன்? அல்லது காரணம் மிகச் சின்னதாகவும் இருக்கலாம். குபேர் முகம் பிடிக்காது, அவர் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் நான். நம் ஊரில் அப்படியும் வாக்குப் போடுவோம், இல்லையா?

நீங்கள் வாக்களித்த மூன்றாம் நாள், அக்டோபர் 21, டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1 காலையில் பிரான்சின் பிரதிநிதி பியர் லாந்தி நிர்வாகத்தை இந்தியாவின் பிரதிநிதி கேவல் சிங்கிடம் ஒப்படைத்தார். ஆனால் சட்டப்படி ஊர் இன்னும் பிரான்சுடையது! 1956இல் விட்டுக்கொடுப்பு உடன்படிக்கை கையெழுத்தாகியும், பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை எடுத்து ஒப்புதல் கொடுக்க 1962 ஆகிவிட்டது. அல்ஜீரியப் பிரச்சினை முடியும்வரை அவர்களுக்கு இன்னொரு விட்டுக்கொடுப்பைப் பேச மனசில்லை. ஆகஸ்ட் 16 அன்று பத்திரங்கள் கைமாறின. அதனால்தான் இந்தியாவுக்கு ஒரு சுதந்திர நாள் என்றால் நமக்கு நவம்பர் 1, ஆகஸ்ட் 16 என்று மேலும் இரண்டு. வெளியூர் நண்பர்களுக்கு இதை விளக்குவதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும்.

1962க்குப் பிறகு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள்: பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம். நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களா? கொடுத்தவர்களின் வாரிசுகள் இன்றும் இங்கிருந்தே பிரெஞ்சு அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். ஓய்வுபெற்ற சொல்தாக்களின் (பிரெஞ்சுப் படைவீரர்களின்) வீடுகளைத் தெருவில் இப்போதும் அடையாளம் காட்டுவார்கள்.

இன்னொரு செய்தியும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1979 ஜனவரியில் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு சேர்த்துவிடலாம் என்று டெல்லியில் பேச்சு வந்தது. ஊரே தெருவில் இறங்கியது. கடையடைப்பு, கல்வீச்சு, துப்பாக்கிச் சூடு. திட்டத்தைக் கைவிட்டார்கள். யாரோடு சேர்வது, யாரோடு சேராமல் இருப்பது என்று இந்த ஊர் மக்கள் பிரதிநிதி வைக்காமல் தாங்களே வாய் திறந்து சொன்னது அந்த ஒரு தடவைதான். அதையும் வாக்குச்சீட்டில் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16 அன்று கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுவார்கள். ஒரு வருஷம் நானும் போயிருந்தேன். மரியாதை அணிவகுப்பு, உரை, இனிப்பு, அரை மணியில் கார்கள் கிளம்பிவிட்டன. நான் மட்டும் கொஞ்ச நேரம் நின்று, 1954இல் இந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் வயல். முடிவை அறிவித்ததும் கைதட்டல் எழுந்திருக்கும், யாராவது ஜெய் ஹிந்த் சொல்லியிருப்பார்கள். அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? கூட்டத்தோடு கைதட்டினீர்களா? மற்ற ஏழு பேர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? காலையில் உங்களோடு ஒரே வண்டியில் வந்தவர்கள், சாயங்காலம் திரும்பும்போதும் உங்களுக்கு இடம் விட்டார்களா?

இப்படிக்கு,
புதுச்சேரியிலிருந்து ஒரு வாக்காளன்