39 ஷில்லிங்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே லண்டன் குளிர் பாடாய்ப் படுத்துகிறது. பேத்தி பள்ளிக்கூடம் போய்விட்டால் சாயங்காலம் வரை வீட்டில் நான் மட்டும்தான்.

திருட்டுக்குத் தண்டனையைக் கடுமையாக்கினால்தான் பயம் வரும் என்று எழுதியிருந்தாய். பத்து நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு மருமகன் மார்பிள் ஆர்ச் பக்கம் கூட்டிப்போனார். பஸ்களுக்கு நடுவே ஒரு சின்னத் திட்டு, அதில் தரையோடு தரையாக ஒரு வட்டக்கல். டைபர்ன் தூக்குமரம் நின்ற இடம். 1571-இல் அங்கே மூன்று கால் நட்டு முக்கோணமாகக் கட்டினார்கள். ஒரே நேரத்தில் 24 பேரைத் தொங்கவிடலாம். ஊரே திரண்டு வந்து பார்க்குமாம். கல்லின் மேல் யாரோ காப்பிக் குவளையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எடுத்துக் குப்பையில் போட்டேன்.

ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் பழைய வழக்குகள் 1674 தொடங்கி இணையத்தில் கிடைக்கின்றன. இத்தனை வருஷம் கோர்ட்டில் கட்டுகளைப் புரட்டிய கை அல்லவா, விடமுடியவில்லை. வீட்டிலிருந்து 40 ஷில்லிங் (அந்தக் கால ஆங்கிலேயக் காசு, 20 சேர்ந்தால் ஒரு பவுண்டு) பெறுமானப் பொருளைத் திருடினால் தூக்கு என்று 1713-இல் சட்டம் போட்டார்கள். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த சாதாரண ஜனங்களான ஜூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'குற்றவாளிதான், ஆனால் பொருளின் மதிப்பு 39 ஷில்லிங்' என்றார்கள். வழக்குக்கு வழக்கு அதே 39. ஆள் தூக்கிலிருந்து தப்பினான். பிளாக்ஸ்டன் என்ற சட்ட அறிஞர் இதைப் புண்ணியப் பொய் என்றார். 1827-இல் வரம்பை 5 பவுண்டாக உயர்த்தியதும், ஜூரிகளின் மதிப்பும் 4 பவுண்டு 19 ஷில்லிங்குக்கு ஏறியது!

கள்ளக் கையெழுத்துக்கும் தூக்குதான். ஜூரிகள் தண்டிக்கத் தயங்கியதால், 1830-இல் 200-க்கும் மேற்பட்ட ஊர்களின் வங்கிக்காரர்களே தூக்கை எடுத்துவிடும்படி நாடாளுமன்றத்துக்கு மனு போட்டார்கள். பணத்தைப் பறிகொடுத்தவர்களே கேட்டார்கள், சுந்தரம். பிடிபட்டவன் தண்டனை இல்லாமல் போவது அவர்களுக்குத்தான் நஷ்டம்.

அதற்கு முந்தைய வருஷம்தான் உள்துறை மந்திரி ராபர்ட் பீல் லண்டனுக்குச் சம்பளப் போலீஸைக் கொண்டுவந்தார். பட்டாளம் என்று ஜனங்கள் மிரளக்கூடாதென்று சிவப்பை விட்டு நீலச் சட்டை, கையில் ஒரு தடி. அதற்கு முன்பெல்லாம் திருடனைப் பிடித்துக் கொடுத்தால் வெகுமதி என்ற ஏற்பாடு இருந்தது. அதில் கொழுத்த ஜோனதன் வைல்ட், தானே திருட்டுக் கூட்டத்தை நடத்தி 1725-இல் டைபர்னில் தொங்கினான்.

வீட்டுத் திருட்டுக்கான தூக்கு 1832-இல் போனது. 1860-இல் அவர்கள் நமக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில் அதே குற்றம் 2024 வரை 380-ஆவது பிரிவாக இருந்தது, அதிகபட்சம் 7 ஆண்டு. எத்தனை தடவை எழுதியிருப்போம்! குற்றப்பத்திரிகையில் சொத்து மதிப்பு என்ற பத்தியை இனி என்னால் பழையபடி பார்க்க முடியாது.

நாலைந்து வழக்குகளை அச்செடுத்து வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். கண்ணாடியை மாற்றிவிட்டாயா? எழுத்து ரொம்பப் பொடி.

அன்புடன்,
ராமநாதன்