‘இன் கேமரா’ என்றால் படம்பிடிப்பது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், போக்சோ வழக்கு ஒன்றைப் பற்றி இப்படி ஒரு வரி வந்திருந்தது: “சிறுமியிடம் கேமரா முன்பு விசாரணை நடத்த நீதிபதி உத்தரவிட்டார்.” நீதிபதி உத்தரவிட்டது ‘இன் கேமரா’ விசாரணைக்கு. கதவைச் சாத்தி, பொதுமக்களையும் நிருபர்களையும் வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் விசாரணை அது. வெளியார் கண் படக்கூடாது என்பதற்காகப் போட்ட உத்தரவு, படம்பிடிக்கச் சொன்ன உத்தரவாக அச்சேறிவிட்டது.

நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாக இருப்பதால், இதை அச்சுப்பிழை என்று தாண்டிப்போக என்னால் முடியவில்லை. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 37-ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்பது தாங்கள் அறியாததல்ல. குழந்தையின் பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறு ஒருவரோ உடனிருக்க, மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்கிறது அது. பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்கு இந்த ஏற்பாடு 1983 திருத்தத்திலேயே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327(2)-ஆவது பிரிவாக வந்துவிட்டது. 2024 ஜூலை முதல் அது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 366-ஆவது பிரிவு. அப்படி நடக்கும் விசாரணையைப் பற்றி நீதிமன்றத்தின் முன் அனுமதியில்லாமல் எதையும் அச்சிடக்கூடாது என்ற தடையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அந்தத் தடை பத்திரிகைகளுக்கென்றே எழுதப்பட்டது. அப்படியிருக்க, செய்தி மேசையில் ஒருவருக்குக்கூடவா இந்தச் சொல்லின் பொருள் தெரியவில்லை?

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் ஊகிக்க முடிகிறது. அதே போக்சோ சட்டத்தின் 26-ஆவது பிரிவு, போலீஸாரோ மாஜிஸ்திரேட்டோ குழந்தையின் வாக்குமூலத்தை வாங்கும்போது, இயன்றவரை ஒலி-ஒளிப் பதிவும் செய்யச் சொல்கிறது. அது வாக்குமூலக் கட்டத்தில் உண்மையாகவே கருவியைக் கொண்டு செய்யும் பதிவு. 37-ஆவது பிரிவில் இருக்கும் ‘கேமரா’வுக்கும் கருவிக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், புகார் கொடுக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும் ஒரு தாய், “என் பெண்ணை நிற்கவைத்துப் படம் எடுப்பார்களாம்” என்று பயந்து வீட்டோடு இருந்துவிடுவாள். அந்த வரி செய்யக்கூடிய கேடு இது.

‘இன் கேமரா’வில் இருக்கும் ‘கமெரா’ லத்தீன் சொல். கிரேக்கத்தின் ‘கமாரா’விலிருந்து வந்தது, வளைந்த கூரையுள்ள எதையும் அது குறித்தது. பாபிலோனில் செல்வர் வீட்டுப் பெண்கள் ஏறிச்சென்ற கூண்டு வண்டிக்கு கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸுக்கோ ‘கமெரா’ என்றால் வளைவான உட்கூரை. தம் ஏழாவது நூலில் அதைக் கட்டும் முறையைக் கொத்தனாருக்குச் சொல்வது போலச் சொல்லியிருக்கிறார். கூரையைத் தாங்கும் மரச் சட்டங்களுக்கு இடையே இரண்டு அடிக்கு மேல் இடைவெளி கூடாது. சைப்ரஸ் மரமே நல்லது, ஏனென்றால் ஃபர் மரம் சீக்கிரம் உளுத்துவிடும். சட்டங்களை வளைவாக அமைத்து மேல்தளத்தோடு பிணைத்துவிட்டு, தட்டி நசுக்கிய நாணல்களை ஸ்பெயின் புல்லில் திரித்த கயிற்றால் அவற்றில் கட்ட வேண்டும். அதன் அடிப்பக்கம் சாந்து பூசி, மணற்பூச்சு கொடுத்து, சுண்ணப்பொடியாலோ பளிங்குப்பொடியாலோ மெருகேற்ற வேண்டும். இத்தனை பாடுபட்டுக் கட்டிய கூரையின் பெயரே பிற்கால லத்தீனில் அதற்குக் கீழிருந்த அறைக்கும் ஆயிற்று.

பிறகு அந்த அறை ஐரோப்பா முழுவதும் போனது. பிரெஞ்சில் சொல்லின் தொடக்கத்தில் இருந்த ‘க’ ‘ஷ’ ஆனது. நடு உயிர் விழுந்து மகரமும் ரகரமும் முட்டிக்கொண்டபோது இடையில் ஒரு பகரம் முளைத்து ‘ஷாம்ப்ர்’ என்றாயிற்று. லத்தீன் ‘நுமெருஸ்’ பிரெஞ்சில் ‘நோம்ப்ர்’ ஆனதும் இதே வழியில்தான். ஆங்கிலத்தின் ‘சேம்பர்’ அங்கிருந்து வந்தது. ஜெர்மன் பழங்காலத்திலேயே நேரடியாக வாங்கி ‘கம்மர்’ என்று வைத்துக்கொண்டது. வணிகர் சபையும் கம்மர், இதயத்தின் கீழறையும் கம்மர். டச்சு நாடாளுமன்றத்தின் கீழவைக்குப் பெயர் ‘இரண்டாம் காமெர்’. போலந்தில் ‘கொமோர்னிக்’ என்பவர் ஜப்தி செய்ய வரும் நீதிமன்ற அலுவலர். சைக்கிள் டியூபுக்குப் பிரெஞ்சு, இத்தாலியன், ரஷ்யன் மூன்றிலும் இந்தச் சொல்தான், காற்று அடைபடும் அறை என்பதால். போர்த்துகீசியரின் ‘காமரா’ நம் பக்கமும் வந்து, இந்தியில் ‘கம்ரா’வாகவும் சிங்களத்தில் ‘காமரய’வாகவும் இன்றுவரை அறையைக் குறிக்கிறது. இத்தாலியில் ‘காமெரா’ என்றால் விடுதி அறை, இல்லையென்றால் 400 உறுப்பினர் கொண்ட மக்களவை. படக்கருவியை அவர்கள் ‘ஃபோட்டோகாமெரா’ என்றோ ‘டெலெகாமெரா’ என்றோ சொல்வார்கள். ரஷ்யாவில் ஒருவர் ‘காமெரா’வில் இருக்கிறார் என்றால் சிறைக் கொட்டடியில் இருக்கிறார் என்று பொருள். கிரேக்கத்திலோ அழுத்தம் மாறினால் பொருள் மாறும்: ‘கமாரா’ வளைவு, முதல் அசையை அழுத்தினால் ‘காமரா’ அறை, வெளியிலிருந்து புதிதாகத் திரும்பி வந்த ‘காமெரா’ படக்கருவி.

அந்தக் கருவிக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது என்பதில் தங்கள் சிறுவர் பக்கத்தின் மீது எனக்குப் பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. 1839-இல் டாகுவேர் கருவியோடு சேர்த்துச் சொல்லையும் உருவாக்கினார் என்று அதில் எழுதியிருந்தார்கள். ‘கமெரா ஒப்ஸ்கூரா’, அதாவது இருட்டறை, என்ற தொடரை வானியலாளர் கெப்ளர் 1604-லேயே எழுதிவிட்டார். அவருக்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பே இப்னு அல்ஹைதம் என்ற அறிஞர் அரபியில் இருட்டறையின் ஒளியியலை ஆராய்ந்திருக்கிறார். அறை கூடாரமாகி, கூடாரம் பெட்டியாகி, கடைசியில் ‘இருட்டு’ உதிர்ந்து ‘அறை’ மட்டும் மிஞ்சியது. அப்போதே கடிதம் போட்டேன். பதில் இல்லை.

மே தினச் சிறப்பிதழில் ‘காம்ரேட்’ ரஷ்யச் சொல் என்று வந்தபோதும் எழுதினேன். ரஷ்யர்கள் சொல்வது ‘தவாரிஷ்’. காம்ரேட் ஸ்பானிய ‘கமரதா’. ஒரே அறையில் படுத்துறங்கும் படைவீரர் கூட்டம் என்பது முதற்பொருள், பிறகு அறைத்தோழன். 2025 ஏப்ரலில் போப் பிரான்சிஸ் மறைந்தபோது ‘காமெர்லெங்கோ’ என்பதை ஒரு கர்தினாலின் சொந்தப் பெயர் போலப் போட்டிருந்தீர்கள். போப் இல்லாத இடைக்காலத்தில் திருச்சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் பதவி அது. அப்போது அதில் இருந்தவர் கர்தினால் கெவின் ஃபாரல். லத்தீன் சொல் ஜெர்மானியரிடம் போய் ‘லிங்’ விகுதி வாங்கிக்கொண்டு இத்தாலிக்குத் திரும்பிய வடிவம் அது. ஆங்கிலச் ‘சேம்பர்லின்’ அதன் உடன்பிறப்பு. அதற்கும் பதில் இல்லை. ஒரு பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கி, வரி வரியாகப் படித்து, பிழையை மரியாதையாகச் சுட்டிக்காட்டும் வாசகருக்கு ஒரு தபால் அட்டை பதில்கூடக் கிடையாதா?

அந்தப் பிழைகளால் யாருக்கும் கேடு வரவில்லை என்று நானும் விட்டுவிட்டேன். இது அப்படிப்பட்டதல்ல. ‘இன் கேமரா’ என்றால் நீதிபதியின் அறைக்குள் என்று பொருள். மற்ற ஐரோப்பியர்கள் இதை அவரவர் மொழியிலேயே, யாருக்கும் ஐயம் வராதபடி சொல்கிறார்கள். பிரெஞ்சில் ‘உய் க்ளோ’, இத்தாலியனில் ‘ஆ போர்த்தே கியூசே’, ஸ்பானியத்தில் ‘ஆ புவெர்த்தா செர்ராதா’. மூன்றுக்கும் மூடிய கதவு என்றே அர்த்தம். ஜெர்மன் இன்னும் வெளிப்படையாக, பொதுமக்களை விலக்கி என்கிறது. லத்தீனைப் பிடித்துக்கொண்டிருந்த இங்கிலாந்துகூட 1999-இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் விதிகளில் அதைக் கைவிட்டு ‘தனிமையில்’ என்று மாற்றிக்கொண்டது. நம் சட்டப் புத்தகத்தில் அந்தச் சொல் நின்றுவிட்டது, நிற்கட்டும். தமிழில் எழுதும்போது ஏன் அதைத் தூக்கிவர வேண்டும்?

நான் கேட்பது இவ்வளவுதான். அதே மாவட்டப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: “நீதிபதி உத்தரவிட்டது மூடிய அறை விசாரணைக்கு, படப்பதிவுக்கு அல்ல.” இணையப் பதிப்பில் அந்தச் செய்தி இன்று காலை வரை பழையபடியே இருக்கிறது, அதையும் மாற்றுங்கள். செய்தி மேசையில் உள்ளவர்களுக்கு ‘மூடிய அறை விசாரணை’ என்ற தொடரை எழுதி ஒட்டிவையுங்கள். ‘ரகசிய விசாரணை’ என்று மட்டும் மாற்றிவிட வேண்டாம், ஏதோ மறைக்கிறார்கள் என்ற நினைப்பு வரும். இந்தக் கடிதம் நீளம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், திருத்தம் வந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருநெல்வேலி