உன் கையில் குறை ஒன்றும் இல்லை

அன்புள்ள பாப்பா,

நாங்கள் நலம். நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கொடைக்கானல் மலையில், நம் பூம்பாறையில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. பேச ஆரம்பித்தால் பாதியில் அறுந்துவிடுகிறது. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். இதை மடித்து அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள், வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம்.

நீ ஊன்றிய பூண்டு தாள் மட்டும் நன்றாக வளர்ந்ததாகவும், பிடுங்கிப் பார்த்தால் அடியில் பல்லே பிரியாமல் சின்னதாக ஒரே உருண்டை இருந்ததாகவும் சொன்னாய். "எனக்குக் கைராசி இல்லைம்மா" என்றும் சொன்னாய். அந்த வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை. கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பாப்பா.

பூண்டுக்குக் குளிர் வேண்டும். ஊன்றிய பிறகு சில வாரமாவது நல்ல குளிர் பட்டால்தான் உள்ளே பல் பிரியும். அப்புறம் பகல் நீண்டு வெயில் ஏற ஏறக் காய் பருக்கும். குளிர் படாத பூண்டு தாளாகவே வளர்ந்துகொண்டிருக்கும், கடைசியில் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். நம் ஊர் 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. மார்கழி, தையில் விடியற்காலை புல்மேல் உறைபனி படிந்திருப்பதைச் சின்ன வயதில் நீயே காலால் தேய்த்து விளையாடியிருக்கிறாய். நீ இருக்கும் திருப்பூர் 1,000 அடி உயரம்தான். அங்கே மார்கழி இரவிலும் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். பூண்டுக்கு அது போதாது. கொடைக்கானல் மலைப்பூண்டு என்று புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்களே, இந்த மண்ணுக்கும் குளிருக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த உருண்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. நிழலில் காயவைத்து, காகிதப் பையில் கட்டி வை. பேத்திக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வரும்போது கொண்டு வா. ஐப்பசியில் இங்கே ஊன்றினால் ஒவ்வொன்றும் பல் பிரிந்த முழுப்பூண்டாக வந்துவிடும். நீ வளர்த்ததுதான் அது, மிச்சத்தை இந்த மலை பார்த்துக்கொள்ளும்.

இங்கே இப்போது பூண்டு எடுக்கும் சமயம். ஐப்பசியில் ஊன்றியது 120 நாள் தாண்டிவிட்டது. அடித்தாள் ஒவ்வொன்றாகப் பழுத்துக் காய்ந்து வருகிறது. முக்கால்வாசி காயட்டும் என்று காத்திருக்கக் கூடாது, பாதித் தாள் காய்ந்ததும் எடுத்துவிட வேண்டும். ஏன் தெரியுமா? பூண்டின் மேலே இருக்கும் வெள்ளைத் தோல் ஒவ்வொன்றும் ஒரு தாளின் அடிப்பகுதி. தாள் காயக் காய, மண்ணுக்குள் தோலும் ஒவ்வொன்றாக மக்கும். ரொம்பத் தாமதித்தால் தோல் கிழிந்து பல் விரிந்துபோகும், வடுகபட்டி சந்தையில் அதை யாரும் சீண்ட மாட்டார்கள். எடுக்கும்போது தாளைப் பிடித்து இழுக்காமல், களைக்கொத்தால் பக்கத்து மண்ணை நெகிழ்த்திவிட்டுத் தூக்குவோம். அப்பா நேற்று இரண்டு பாத்தி எடுத்தார். தாளோடு பிடிப்பிடியாகக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டிருக்கிறோம். புகை ஏறினால் பூச்சி அண்டாது, விதைக்கு வைத்தது அடுத்த பட்டம் வரை கெடாது.

சரி, உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த இடத்துக்கு வருகிறேன். அங்கே நீ வைக்க வேண்டியது சின்ன வெங்காயம். நான் பிறந்து வளர்ந்தது ஒட்டன்சத்திரம் பக்கம் என்பதால் பூண்டைவிட வெங்காயம்தான் எனக்கு முதலில் பழக்கம். அது வெயிலுக்குப் பயப்படாது, உன் ஊரில் கண்டிப்பாக வரும். 70 நாளில் கையில் கிடைத்துவிடும்.

வைகாசிப் பட்டத்துக்கு ஊன்றலாம். தையில் எடுத்த காயில் விதைக்கென்று மாமா தனியாகப் பட்டறை போட்டு, அதாவது காற்றோட்டமாகக் குவித்துச் சேமித்து வைத்திருக்கிறார், பங்குனி கடைசியில் உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கடையில் அன்று வந்த புதுக்காயை வாங்கி ஊன்றிவிடாதே. எடுத்த புதிதில் வெங்காயம் உறக்கத்தில் இருக்கும், சரியாக முளைக்காது. இரண்டு மாதமாவது கிடக்க வேண்டும். நடுத்தரக் காயாகப் பார்த்து எடு. மெத்தென்று இருப்பதையும் அடி கறுத்ததையும் ஒதுக்கிவிடு.

மண்ணை நன்றாகக் கொத்தி, மக்கிய ஆட்டு எருவோ மாட்டு எருவோ கலந்து, நீளமான மேடாகப் பார் பிடித்துக்கொள். பாரின் இரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளியில் ஊன்று. வேர் கீழே, நுனி மேலே. முழுதாகப் புதைக்காதே, நுனி மண்ணுக்கு வெளியே லேசாகத் தெரிய வேண்டும். ஒரு வாரத்துக்குள் பச்சை எட்டிப் பார்க்கும். ஒரு காய் ஐந்தாறாகப் பிரிந்து வரும், அதனால் நெருக்கிவிடாதே.

வெங்காயத்தின் வேர் மேலோட்டமாகத்தான் ஓடும். ஒரேயடியாகத் தண்ணீர் கட்டிவிட்டு மறந்துபோவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடுவது நல்லது. ஆனால் தண்ணீர் தேங்கவே கூடாது, அடி அழுகிவிடும். களையைக் கையால் எடு, ஆழமாகக் கொத்தினால் வேர் அறும். தாள்மேல் வெள்ளி பூசியது போலத் திட்டுத்திட்டாக வந்தால் இலைப்பேன் என்று தெரிந்துகொள். நடுக்குருத்தைப் பிரித்துப் பார், அதற்குள்தான் பொடிப்பொடியாக ஒளிந்திருக்கும். முதலில் வெறும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடி. அப்படியும் போகாவிட்டால், தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் காதிசோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளி. தாள் முறுக்கிக்கொண்டு சுருண்டால் அது திருகல் நோய், அந்தச் செடியைப் பார்த்த அன்றே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடு. அடுத்த முறை வேறு இடத்தில் ஊன்று.

ஒரு மாதம் கழிந்த பிறகு யூரியா, கோமியம் என்று எதுவும் ஊற்றாதே. பக்கத்து வீட்டில் யார் சொன்னாலும் கேட்காதே. தாள் செழிப்பாக இருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் கழுத்து தடித்துப்போய்க் காய் பட்டறையில் அழுகும். வீட்டுக்கு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இதில்தான்.

60 நாள் ஆனதும் தாள் மஞ்சளாகித் தானே சாய ஆரம்பிக்கும். அதோடு தண்ணீரை நிறுத்திவிடு. நிறுத்த உனக்கு மனசு வராது, எனக்குத் தெரியும். இருந்தாலும் நிறுத்து. பத்து நாள் மண் காயட்டும், தோல் சிவந்து இறுகும். பிடுங்கிய பிறகு ஒரு வரிசைக் காயை அடுத்த வரிசையின் தாள் மூடும்படி கிடத்தி இரண்டு நாள் வை. நேர் வெயில் பட்டால் காய் வெந்துபோகும். அப்புறம் நிழலில் ஒரு வாரம் பரப்பி, தாளை ஒரு அங்குலம் விட்டு அறுத்துவிடு. பட்டறை போடும் அளவுக்கு உனக்கு வராது. காற்றோட்டமான மூங்கில் கூடையில் போட்டு, கல்மேல் தூக்கி வைத்தாலே போதும். பிளாஸ்டிக் பையில் மட்டும் கட்டாதே.

பூண்டு ஆசையை விட வேண்டாம். ஐப்பசியில் தொட்டியில் நாலு பல் ஊன்றி, தாளை மட்டும் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொள். முட்டைப் பொரியலில் போட்டால் மாப்பிள்ளைக்குப் பிடிக்கும். முளைத்த பல் வீணாகாமல் இருக்கும். சமையலுக்கு முழுப்பூண்டு வேண்டுமென்றால் நான் அனுப்புகிறேன், கடையில் வாங்காதே.

மாமா அனுப்பும் விதைக்காய் வந்ததும் சாக்கோடு வைத்துவிடாமல், அன்றைக்கே பிரித்து நிழலில் பரப்பு. வழியில் நசுங்கியதைப் பொறுக்கித் தனியாக எடுத்து சாம்பாருக்கு வைத்துக்கொள். மீதி எத்தனை பார் வரும் என்று இடத்தை அளந்து எனக்குச் சொல், போதாவிட்டால் மாமாவிடம் இன்னும் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா