உயரமான பிள்ளைகளின் இருதயத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைக் கரப்பந்தாட்ட அணிகளின் படங்கள் உங்கள் பத்திரிகையில் வரும்போதெல்லாம் பின்வரிசையைத்தான் முதலில் பார்ப்பேன். மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாய், மெலிந்து, கைகால் நீண்டு ஒரு பிள்ளை நிற்கும். வலைக்கு மேலே பந்தை மறிக்க அந்த உயரம்தான் நமக்கு வேண்டும். ஆனால் மிகச் சில பிள்ளைகளுக்கு அது மார்ஃபான் என்ற பரம்பரை நோயின் அடையாளமாகவும் இருக்கலாம்.

ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. மரபணுப் பழுதால், உடலுறுப்புகளைத் தாங்கிப் பிணைத்து வைக்கும் இணைப்பிழையம் வலுவிழக்கிறது. கண்வில்லை விலகும், முதுகு வளையும். அத்தோடு நின்றால் பரவாயில்லை. இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி மெல்ல மெல்ல வீங்கி, ஒரு நாள் அதன் சுவர் கிழிந்துவிடலாம். நுரையீரலின் மேற்பகுதியில் காற்றுக் கொப்புளம் வெடித்து நுரையீரல் சுருங்கிப்போவதும் உண்டு. அப்போது வரும் நெஞ்சுவலியை 'வாயு' என்று சொல்லி, உள்ளி அவித்துக் கொடுத்துப் படுக்கவைக்கும் வழக்கத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

1984 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அமெரிக்கக் கரப்பந்தாட்ட வீராங்கனை ஃப்ளோ ஹைமன், 1986 ஜனவரியில் ஜப்பானில் ஒரு போட்டியின்போது சரிந்து விழுந்து இறந்தார். வயது 31. பிரேத பரிசோதனையில்தான் மார்ஃபான் தெரியவந்தது. பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தார்கள்; அவருக்கும் இருந்தது, சத்திரசிகிச்சை செய்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர சரிபாதி வாய்ப்பு. நால்வரில் ஒருவருக்கு, குடும்பத்தில் எவருக்கும் இல்லாமலே புதிதாக வருகிறது.

மைதானத்திலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து மற்ற விரல்களால் மூடச் சொல்லுங்கள். அதன் நகம் முழுவதும் சுண்டுவிரல் பக்கமாக வெளியே நீட்டுகிறதா? விரித்த கைகளின் நீளம் உயரத்தைத் தெளிவாக மிஞ்சுகிறதா? சிறு வயதிலேயே தடித்த கண்ணாடியா? இவற்றை வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது, வைத்தியரிடம் அனுப்பப் போதும். ஒலியலைகளால் இருதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனையில் வலி இல்லை. அரச வைத்தியசாலையில் பணமும் இல்லை.

நோய் உறுதியானால் மாத்திரை உண்டு, ஆண்டுதோறும் எக்கோ உண்டு, பெருநாடியின் விட்டம் 5 சென்ரிமீற்றரை எட்டும் கட்டத்தில் சத்திரசிகிச்சை உண்டு. கடும் ஆட்டத்தை விடவேண்டிவரும். அது பிள்ளைக்குப் பெருந்துக்கம். புள்ளி பதியவோ, நடுவர் பயிற்சிக்கோ அந்தப் பிள்ளையை அணியோடு வைத்திருங்கள், தயவுசெய்து.

வலயக் கல்விப் பணிமனைகள் அணிகளின் பெயர்ப்பட்டியலைக் கேட்கும்போதே இந்தப் பரிசோதனைக் குறிப்பையும் கேட்கவேண்டும். அடுத்த பருவத்திலேயே இதைத் தொடங்கலாம்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
நீர்வேலி.