காருக்குள் இருப்பவர்களுக்குக் காப்பீடு உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய காருக்கு அதிகச் செலவு எதற்கு என்று என் மைத்துனர், நம் காரால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும், 3,416 ரூபாயும் வரியும் கட்டி, புதுப்பித்திருந்தார். பழநிக்குப் போகும் வழியில் அந்தக் கார் சாலையோரப் புளியமரத்தில் மோதியது. பின்னிருக்கையில் இருந்த அவருடைய நண்பருக்கு இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு அறுவை சிகிச்சைகள் நடந்தன. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் காப்பீட்டு நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்து, 11 லட்சம் ரூபாயை 7.5 சதவீத வட்டியுடன் மைத்துனரே செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த நண்பரைக் குறை சொல்ல மாட்டேன். மருத்துவமனைக் கடனை அடைக்க அவருக்கு வேறு வழியில்லை.

தீர்ப்பு வந்த அன்று பாலிசித் தாளை மேசையில் விரித்துப் பார்த்தோம். 'ஓனர் டிரைவர் பி.ஏ. 15 லட்சம்' (பி.ஏ. என்றால் தனிநபர் விபத்துக் காப்பீடு) என்றிருந்த ஒரு வரியைக் காட்டி, அது காரில் போகும் எல்லோருக்கும் சேர்த்து என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்ததாக மைத்துனர் சொன்னார். அது காரை ஓட்டும் உரிமையாளர் ஒருவருக்கு மட்டுமே உரிய தொகை.

நம் கார் மோதிக் காயமடையும் பாதசாரிக்கோ எதிர் வண்டியில் வருபவருக்கோ தரவேண்டிய இழப்பீட்டுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் உச்சவரம்பு கிடையாது. பொருட்சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் ரூபாய் வரம்பு உண்டு. ஆனால் நம் காரிலேயே கட்டணமின்றி வரும் உறவினரும் நண்பரும் 'ஆக்ட் பாலிசி' எனப்படும், சட்டப்படி கட்டாயமான இந்த மூன்றாம் நபர் காப்பீட்டின் கணக்கில் மூன்றாம் நபர் ஆவதில்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. தவறு வேறொரு வண்டியின்மீது இருந்தால் அதன் காப்பீட்டு நிறுவனத்திடம் கோரலாம். தவறு நம்முடையதாக இருந்தால் வீட்டையும் நிலத்தையும் விற்றாவது நாம்தான் கட்டவேண்டும். முழுமைக் காப்பீடான 'பேக்கேஜ் பாலிசி' எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. காரில் பயணிப்பவர்களும் அதில் அடங்குவர் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் தெளிவுபடுத்தியதை உச்ச நீதிமன்றமும் 2012-இல் ஏற்றுக்கொண்டது.

இதே பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது. ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் அனைவரையும் உள்ளடக்கும் ஐந்தாண்டுக் காப்பீடு புதிய வாகனங்களுக்குக் கட்டாயம் என்று 2021 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவை, நடைமுறைச் சிக்கல்கள் சுட்டிக்காட்டப்பட்டதால், அடுத்த மாதமே நீதிமன்றம் திரும்பப் பெற்றது. அந்த உத்தரவு கடுமையானதாகவே இருந்திருக்கலாம். அதற்காக, அது தீர்க்க முயன்ற குறையை அப்படியே விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கட்டாயக் காப்பீட்டிலேயே காரில் பயணிப்பவர்களையும் சேர்க்க மத்திய அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும். அதுவரை, 'இந்த பாலிசியில் உங்கள் காரில் வருபவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை' என்ற ஒரே வரியைப் பாலிசியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு, வாடிக்கையாளரின் கையொப்பம் பெற்ற பிறகே பணம் வாங்கவேண்டும் என்று ஆணையம் நிறுவனங்களுக்குக் கட்டளையிடலாம். கைப்பேசியில் இரண்டே நிமிடத்தில் புதுப்பிப்பவர்களுக்கு, பணம் கட்டும் திரையில் அதே வரி வரவேண்டும். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டிருந்தால் மைத்துனர் கூடுதல் பணம் கட்டி முழுமைக் காப்பீடே எடுத்திருப்பார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பொள்ளாச்சி.