ஏப்ரலில் முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: பள்ளிப் பொருட்களும் அவற்றின் செலவும்

மதிப்பிற்குரிய பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

நமது வார இறுதித் தமிழ் வகுப்பின் மழலையர் பிரிவில் படிக்கும் பிள்ளைகளில் பலர், வரும் ஏப்ரல் மாதம் டோக்கியோவின் எடோகவா வார்டிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் உள்ள ஜப்பானிய அரசுத் தொடக்கப்பள்ளிகளில் முதல் வகுப்பில் சேரவிருக்கிறார்கள். என்னென்ன வாங்க வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும், இப்போதே வாங்காவிட்டால் கடைகளில் தீர்ந்துவிடுமா என்று வகுப்பு முடிந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நேரத்தில் உங்களில் பலர் கவலையோடு கேட்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரே விவரம் போய்ச் சேர வேண்டும் என்பதால் இதைக் கடிதமாக எழுதுகிறேன். பள்ளி தரும் பொருட்பட்டியல் கைக்கு வரும்வரை, முதுகுப் பையைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். அந்தப் பையையும் உங்கள் வருமானத்துக்கு அடங்கிய விலையில் வாங்குங்கள் என்பதே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது.

செலவைப் பற்றிப் பேசும் முன், செலவில்லாதவை எவை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அரசுத் தொடக்கப்பள்ளியில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடநூல்கள் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விலையின்றி வழங்கப்படுகின்றன; வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே. வகுப்பில் பயன்படுத்தும் கையடக்கக் கணினியையும் பள்ளியே தருகிறது. டோக்கியோவின் 23 வார்டுகளிலும் அரசுப் பள்ளி மதிய உணவுக்கு இப்போது பெற்றோர் பணம் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் ஜப்பானியக் குடிமக்களின் பிள்ளைகளுக்கு இடம் தானாக ஒதுக்கப்படுவதுபோல நம் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படாது. வார்டு அலுவலகத்தில் நாம் விண்ணப்பம் கொடுத்தாக வேண்டும். இன்னும் கொடுக்காதவர்கள் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். சேர்க்கைக்கு முந்தைய உடல் பரிசோதனை இலையுதிர் காலத்திலேயே நடந்துவிடுகிறது.

இனி ராண்டொசெரு என்னும் முதுகுப் பை. மொத்தச் செலவில் பாதிக்கும் மேற்பட்டதை இந்த ஒரு பொருளே விழுங்கிவிடுகிறது. சராசரியாக 60,000 யென் ஆகிறது. பெருங்கடைகளில் 20,000 யென் அளவிலும் கிடைக்கிறது, புகழ்பெற்ற பட்டறைகளின் தோல் பைகள் 1,00,000 யெனையும் தாண்டுகின்றன. 1887இல் இளவரசர் யோஷிஹிதோ காகுஷூயின் பள்ளியில் சேர்ந்தபோது, அன்றைய பிரதமர் இத்தோ ஹிரோபூமி அவருக்குப் பரிசளித்த பையின் வடிவமே இன்றளவும் தொடர்வதாகச் சொல்வார்கள். இங்கு பெரும்பாலும் தாத்தா பாட்டிதான் இதை வாங்கித் தருகிறார்கள். நம் ஊரில் தாய்மாமன் சீர் கொண்டுவருவதைப் போல அதில் அன்பும் உண்டு, கௌரவமும் உண்டு. அந்தத் தாத்தா பாட்டி மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் நம் வீடுகளில், அத்தனை பணமும் ஒரே மாதச் சம்பளத்திலிருந்து போகிறது.

பை தேடும் பருவம் சேர்க்கைக்கு ஓராண்டு முன்பே, மே மாதத் தொடர் விடுமுறையை ஒட்டிச் சூடு பிடித்துவிடுகிறது. அதனால் இப்போது தேடத் தொடங்குவோர் காலம் தாழ்ந்துவிட்டதாக அஞ்சுகிறார்கள். விரும்பிய நிறமோ பட்டறைப் பையோ கிடைக்காமல் போகலாம். ஆனால் பையே கிடைக்காமல் போகாது. முந்தைய ஆண்டு மாதிரிகள் விலை குறைந்து கிடைப்பதும் உண்டு. வாங்கும்போது மூன்று செய்திகளைக் கவனியுங்கள்: ஏ4 அளவுக் கோப்பு மடங்காமல் உள்ளே போக வேண்டும், ஆறாண்டு உத்தரவாதம் இருக்க வேண்டும், பிள்ளை அதைத் தோளில் மாட்டிக் கடைக்குள் நடந்து பார்த்து வலிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். தோல் பை செயற்கைத் தோல் பையைவிடக் கனமானது. ஆறு வயதுப் பிள்ளை சுமக்கும் பைக்கு ஆடம்பரத்தை விடக் கனமின்மையே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் ராண்டொசெரு வழக்கமே தவிர விதி அன்று. தொயாமா மாநிலத்தின் ததேயாமா நகராட்சி கேட்டுக்கொண்டதன்பேரில் மான்ட்பெல் நிறுவனம் உருவாக்கிய நைலான் பை, வெளியானபோது 15,000 யெனுக்கும் குறைவாக இருந்தது. அந்த ஊரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நகராட்சியே அதை வழங்கியது. இபராகி மாநிலத்தின் ஹிதாச்சி நகரம் பல்லாண்டுகளாகப் புதிய மாணவர்களுக்கு ராண்டொசெருவைப் பரிசாகத் தந்துவருகிறது. நம் வார்டில் நைலான் பை வாங்க நினைப்பவர்கள் சேரவிருக்கும் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மறுக்கும் பள்ளிகள் குறைவு. ஆனாலும் வகுப்பில் தன் பை மட்டும் வேறாக இருப்பதைப் பிள்ளை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். அதையும் பிள்ளையிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பை போக மற்றவை விலையில் சிறியவை, எண்ணிக்கையில் மிகுதியானவை. உள்ளே அணியும் உவாபாகி காலணி 1,000 முதல் 2,000 யென், உடற்பயிற்சி உடையும் சிவப்பு வெள்ளைத் தொப்பியும் சேர்ந்து 5,000 யென் அளவு, நிலநடுக்கத்தின்போது தலையில் போர்த்திக்கொள்ளும் பஞ்சு முக்காடு 2,000 முதல் 3,000 யென், கென்பன் ஹார்மோனிகா என்னும் ஊதுகட்டை இசைக்கருவி 6,000 யெனுக்கு மேல், கணக்குப் பாடத்துக்கான சிறு பொருட்கள் அடங்கிய கணக்குப் பெட்டி 2,000 முதல் 3,000 யென், நீச்சல் உடையும் துண்டும் தொப்பியும் 4,000 யென் அளவு, இவற்றோடு களிமண், மெழுகு வண்ணம், கத்தரிக்கோல், பசை, 2பி பென்சில், எழுதும்போது தாளுக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் அட்டை, தரை துடைக்கும் துணி என்று ஒரு நீண்ட வரிசை. எல்லாம் கூட்டினால் 25,000 யென் முதல் 30,000 யென் வரை ஆகும்.

இந்த வரிசையைப் பார்த்ததும் இன்றே கடைக்குப் போகத் தோன்றும், போகாதீர்கள். ஜனவரி அல்லது பிப்ரவரியில் பள்ளி நடத்தும் விளக்கக் கூட்டத்தில்தான் அந்தப் பள்ளிக்குரிய பட்டியல் கையில் கிடைக்கும். சில பள்ளிகள் கணக்குப் பெட்டியைத் தாமே வைத்திருந்து கடனாகத் தருகின்றன. சில பள்ளிகளில் இசைக்கருவிக்கு ஊதுகுழாய் மட்டும் வாங்கினால் போதும். உடற்பயிற்சி உடை பெரும்பாலும் குறிப்பிட்ட கடையில்தான் விற்கப்படும். படம் போட்ட பென்சில் பெட்டி வேண்டாம் என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. காலணிப் பைக்கும் புத்தகப் பைக்கும் சென்டிமீட்டர் கணக்கில் அளவு தரும் பள்ளிகள் பல. அவற்றைக் கையால் தைக்க வேண்டும் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தாலும், அளவு சரியாக இருந்தால் கடையில் வாங்கிய பையை யாரும் குறை சொல்வதில்லை. பை தைக்கவென்று தையல் இயந்திரம் வாங்குவது வீண் செலவு. படிப்பு மேசையும் அப்படியே: முதல் வகுப்புப் பிள்ளை சாப்பாட்டு மேசையில் அம்மாவின் கண்பார்வையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதும்.

கணக்குப் பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குள் விரல் நகத்தளவு பூவடிவ வில்லைகளும், தீக்குச்சி போன்ற வண்ணக் குச்சிகளும், எண் அட்டைகளும், சிறு கடிகாரமும் இருக்கும். அவை ஒவ்வொன்றின் மேலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும். பெயர் ஒட்டிகளை 100 யென் கடைகளிலும் வாங்கலாம்; அச்சடித்துத் தரும் நிறுவனங்களும் உண்டு. கடவுச்சீட்டில் இருக்கும் நம் நீளமான பெயர், தந்தை பெயரோடு சேர்ந்து, அந்தக் குச்சியில் ஒருபோதும் அடங்காது. வகுப்பில் அழைக்க வேண்டிய சுருக்கப் பெயர் எது என்பதைப் பள்ளியிடம் சொல்லி ஒப்புதல் பெற்றுவிட்டு, அதையே ஹிராகானா என்னும் ஜப்பானிய எழுத்தில் அச்சடியுங்கள். முன்கூட்டி முழுப் பெயரை அச்சடித்தால் இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டிவரும்.

சேர்க்கை விழாவுக்குப் பிள்ளைகள் கோட்டும் சூட்டுமாக வருவார்கள். ஒரு காலைப் பொழுதுக்காக விலை உயர்ந்த உடை வாங்கத் தேவையில்லை. தாய்மார்கள் கிமோனோவில் வரும் விழா அது. நம் பெண் பிள்ளை வீட்டில் இருக்கும் பட்டுப்பாவாடையை உடுத்தி வந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சீருடை இல்லை என்பது நமக்கு ஒரு நிம்மதி. 2018இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் உள்ள தைமெய் அரசுத் தொடக்கப்பள்ளி, முழுத் தொகுப்பு 80,000 யெனைத் தாண்டும் அர்மானி சீருடையை அறிமுகப்படுத்தியபோது, அரசுப் பள்ளிக்கு இத்தனை விலையா என்று நாடாளுமன்றம் வரை கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானதே.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஷூகாகு என்ஜோ என்னும் உதவித்தொகைத் திட்டம் உண்டு. அதன்கீழ், சேர்க்கைப் பொருட்களுக்கென்று ஒரு தொகை தனியாக வழங்கப்படுகிறது. நாடு தழுவிய அளவுகோலாக 2024ஆம் ஆண்டுக்கு நிர்ணயிக்கப்பட்டது 57,060 யென். நகராட்சிக்கு நகராட்சி தொகையும் வருமான வரம்பும் மாறும். பல இடங்களில் இத்தொகை சேர்க்கைக்கு முன்பே கைக்கு வருகிறது. ஆனால் அதற்குரிய கடைசி நாள் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். குடியுரிமை இதற்குத் தடையில்லை. ஒரே ஊதியத்தில் வாழும் குடும்பங்கள், உணவகங்களில் வேலை செய்யும் குடும்பங்கள், அண்மையில் வேலை இழந்தவர்கள் ஆகியோர் தயங்காமல் வார்டு கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். நீங்கள் கட்டும் வரியிலிருந்து வருவது இது. கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உங்கள் பிள்ளையின் வகுப்பில் யாருக்கும் அது தெரியவரப் போவதும் இல்லை. விண்ணப்பத்தை நிரப்ப மொழி தடையாக இருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள்; உடன் அமர்ந்து நிரப்பித் தருகிறேன்.

கடைசியாக ஓர் ஏற்பாடு. நம் வகுப்பில் மூத்த மாணவர்களின் வீடுகளில் சிறிதாகிப்போன உடற்பயிற்சி உடைகள், பயன்பாடு முடிந்த கணக்குப் பெட்டிகள், இசைக்கருவிகள், முக்காடுகள் ஆகியவை அலமாரியில் கிடக்கின்றன. மார்ச் முதல் வாரம் வரை வகுப்பு நடக்கும் அறையின் பின்பக்க மேசையில் அவற்றைச் சேகரிப்போம். துணிகளைத் துவைத்தும், இசைக்கருவியின் ஊதுகுழாயை அகற்றியும், பழைய பெயர் ஒட்டிகளை உரித்தும் கொண்டுவாருங்கள். எந்தப் பள்ளியின் உடை என்பதை ஒரு தாளில் எழுதிப் பையின் மேல் ஒட்டிவிட்டால், அதே பள்ளியில் சேரும் குடும்பத்துக்கு எடுத்துக்கொடுக்க எளிதாக இருக்கும். பிப்ரவரியில் உங்கள் பள்ளிப் பட்டியல் கிடைத்ததும் அதன் படி ஒன்றை எனக்குத் தாருங்கள். மேசையில் இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மீதியை மட்டும் கடையில் வாங்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்