முன்கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டும் முன்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. தங்கச்சி கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். புது வண்டி வந்த கையோடு வேலூர் வெயிலும் வந்துவிட்டது போல. முன்கண்ணாடிக்கு 70 சதவீத வெளிச்சம் விடும் சன் ஃபிலிம் ஒட்டினால் சட்டப்படி சரி என்று கடைக்காரர் சொல்வதாக எழுதியிருக்கிறாய். சிக்கலே அந்த 70-இல்தான்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆம் விதிப்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகளுக்கு 50. இது கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த கணக்கு, ஃபிலிமுக்கு மட்டுமானது இல்லை. உன் வண்டியின் முன்கண்ணாடி லேசான பச்சை; அது 78 சதவீதம் விடுகிறது என்று வை. அதன்மேல் 70 ஃபிலிம் ஏறினால் 0.78 × 0.70, ஏறக்குறைய 55. 90 சதவீத ஃபிலிம் போட்டால்தான் 70.2 வரும். கண்ணாடியே 75 என்றால் அந்த 90-உம் தேறாது, 67.5-இல் நின்றுவிடும். ஆகவே ஒட்டும் முன் வெறும் கண்ணாடியை மீட்டர் வைத்து அளக்கச் சொல். பக்கக் கண்ணாடியின் விளிம்பில் செருகும் மீட்டர் இதற்கு உதவாது. உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைக்கும் இரண்டு துண்டு மீட்டர் வேண்டும். அது இல்லாத கடையில் முன்கண்ணாடி வேலையைக் கொடுக்காதே.

சட்டத்தின் மறுபக்கமும் தெரிந்திருக்கட்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எந்த அளவு ஒளி விடுவதானாலும் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டவே கூடாது என்றது. பிறகு விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் உட்புறம் பிளாஸ்டிக் படலம் கொண்ட பாதுகாப்புக் கண்ணாடியும் தரத்துக்கு உட்பட்டு ஏற்கப்பட்டது. அதை வைத்துத்தான் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70-50 வரம்புக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் போடக்கூடாது என்று சொன்னது. ஆனால் ரோட்டில் கைகாட்டி நிறுத்துபவருக்கு முதலில் ஞாபகம் வருவது 2012-தான். ஃபிலிமின் பில், அதன் தரச் சான்று, ஒட்டிய பின் அளந்த மீட்டர் எண், மூன்றையும் வண்டியிலேயே வை. வாக்குவாதமே வேண்டாம் என்றால் ஒட்டாமல் இரு; அதுவும் நியாயமான முடிவுதான்.

இனி வெப்பம். வெயிலின் ஆற்றலில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் வருகிறது. கண்ணுக்குத் தெரிவது பாதிக்கும் குறைவு. புற ஊதா வெறும் சில சதவீதம். கறுப்பாக்கினால் கண்ணுக்குத் தெரியும் பங்குதான் முக்கியமாகக் குறையும். சாயம் போட்ட மலிவான ஃபிலிம் இருட்டாக இருந்தும் சுடுவது அதனால்தான். போகப்போக ஊதா நிறத்துக்கும் மாறிவிடும். செராமிக் ஃபிலிமில் உள்ள நுண்துகள்கள் வெளிச்சத்தை விட்டுவிட்டு அகச்சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். முன்கண்ணாடிக்கு அது ஒன்றுதான் பொருந்தும். உலோகப் படலம் வேண்டவே வேண்டாம்: ஃபாஸ்டேக், ஜிபிஎஸ், போன் சிக்னல் எல்லாவற்றையும் கெடுக்கும்.

கடையில் மஞ்சள் விளக்கைப் போட்டுக் கண்ணாடித் துண்டுக்குப் பின்னால் கை வைக்கச் சொல்வார்கள். அந்த விளக்கு தருவது பெரும்பாலும் அகச்சிவப்பு. வெயில் அப்படி இல்லை. உறிஞ்சிய சூட்டில் கண்ணாடி காய்ந்து திருப்பி உள்ளே வீசுவதற்குள் கையையும் எடுத்துவிடுவோம். ‘அகச்சிவப்பு 97 சதவீதம் தடுக்கும்’ என்பதும் ஏதோ ஒரு குறுகிய அலைநீளத்தில் எடுத்த எண்ணாக இருக்கலாம். நீ கேட்க வேண்டியது டி.எஸ்.இ.ஆர்., அதாவது மொத்த சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்ற எண். அதுவும் பெரும்பாலும் தெளிவான 3 மில்லிமீட்டர் கண்ணாடியில் அளந்தது. உன் பச்சைக் கண்ணாடி ஏற்கெனவே கொஞ்சம் தடுப்பதால், கூடுதலாகக் கிடைப்பது அச்சடித்த எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும்.

புற ஊதாவுக்காக முன்கண்ணாடியில் செலவழிக்கத் தேவையில்லை. அது இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒட்டிச் செய்தது; நடுவே இருக்கும் பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம் புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். கை கறுப்பது பக்கக் கண்ணாடி வழியாக.

ஃபிலிமின் பலன் ஓட்டும்போது கையிலும் மார்பிலும் தெரியும். மூன்று மணி நேரம் வெயிலில் நின்ற வண்டிக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது. அதற்கு உள்ளே விரிக்கும் வெள்ளித்திரைதான். விலையும் சில நூறு ரூபாய்தான்.

கண் கூச்சத்துக்கு ஃபிலிம் மருந்தே இல்லை. எதிரே வரும் ஹைபீமைக் குறைக்கும் அதே அளவுக்கு இருட்டில் சைக்கிளில் வருபவனையும் அது மறைக்கும். கூச்சத்துக்குக் காரணம் பல வண்டிகளில் அழுக்குதான். டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூட்டில் கக்கும் ஆவி கண்ணாடியின் உட்புறம் மெழுகுபோல் படியும், புது வண்டியில் இன்னும் அதிகம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து மைக்ரோஃபைபர் துணியால் துடை, இன்னொரு காய்ந்த துணியால் முடி. டேஷ்போர்டில் பளபளக்கும் பாலிஷ் போடவே விடாதே. வாட்டர் வாஷில் கேட்காமலே போடுவார்கள், அது கண்ணாடியில் அப்படியே பிரதிபலிக்கும். பகல் கூச்சத்துக்குக் கண்ணில் போடும் போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போதும். இதையெல்லாம் செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார், ஃபிலிம் தேவையா என்று அப்புறம் யோசிக்கலாம்.

ஒட்டுவதாகவே முடிவெடுத்தால் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை சில. கண்ணாடியில் கல் பட்ட பொட்டு இருந்தால் முதலில் அதை நிரப்ப வேண்டும். வளைவுக்கு ஏற்ப ஃபிலிமை வெளிப்புறத்தில் விரித்து ஹீட் கன்னால் சுருக்குவார்கள். ஒரே இடத்தில் சூட்டைக் காட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் பொட்டிலிருந்து விரிசல் ஓடும். உள்ளே ஒட்டும்போது டேஷ்போர்டின் மேல் தடிமனான துண்டு போட்டாக வேண்டும். லிட்டருக்குச் சில சொட்டு பேபி ஷாம்பு கலந்த தண்ணீரைத் தாராளமாக அடிப்பார்கள். அது வழிந்து கீழே போனால் ஸ்பீக்கரும் ஒயரிங்கும் கெடும், சில நாள் கழித்துத்தான் தெரியவரும். ஃபேன் ஓடும் இடம், திறந்த ஷெட் இரண்டும் கூடாது, தூசி உள்ளே சிக்கினால் எடுக்க வழியில்லை. ஓரத்துக் கறுப்புப் புள்ளிப் பட்டையில் ஃபிலிம் முழுதாகப் படியாமல் வெள்ளிக்கோடு தெரியும், அது தவறில்லை. கேமராவும் மழை சென்சாரும் இருக்கும் இடத்தை வெட்டி விட்டுவிட வேண்டும். ஃபாஸ்டேக்கை உரித்தால் செத்துவிடும், முன்கூட்டியே மாற்று டேக் கேட்டு வாங்கி ஃபிலிமின் மேல் ஒட்டு.

முதல் சில நாள் பால்போல் மங்கலும் நீர்க்குமிழும் இருக்கும், கையால் அழுத்தாதே. ஒரு மாதம் உட்புறம் துடைக்காதே. அதன்பிறகும் அம்மோனியா கலந்த கிளீனர் ஆகாது. காய்ந்த பிறகும் மாலை வெயில் எதிரே அடிக்கும்போது நீலப்புகை போலத் தெரிந்தால் அது ஃபிலிமின் தரம், காயவில்லை என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதே.

வெறும் கண்ணாடியின் எண்ணையும், அவர் காட்டும் ஃபிலிமின் பெயரையும் எழுதி அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன், அதுவரை முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
ரவி